வலது முழங்கால் அளவு

பந்தய மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்திருந்த அட்டையில் நான்கே வரிகள். வண்டி ஓடிய வருடங்கள், ஜெயித்த பந்தயங்கள், ஓட்டியவர் பெயர், கடைசியாக ‘உருவாக்கியவர்: தெரியவில்லை’. தையல்காரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மூன்றாவது முறையும் படித்தாள். தெரியவில்லையாம். செத்துப்போன மூன்று வண்டிகளைப் பிரித்துப்போட்டு, அதிலிருந்து உயிருள்ள ஒன்றை அவள் புருஷன் பதினோரு மாதம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உண்டாக்கியபோது, விளக்கைத் தூக்கிப் பிடித்த கை அவளுடையது. மனுஷன் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டி இதோ, மணப்பெண் மாதிரி சிவப்பாக நிற்கிறது.

கண்காட்சிக் கூடம் பத்து மணிக்குத் திறக்கும். இப்போது எட்டரை. இந்த வண்டியைத் துருவோடு துருவாக வாங்கி இரண்டு வருடம் பாடுபட்டுப் புதுப்பித்த மெக்கானிக், துடைக்க ஒன்றுமில்லாத டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பந்தயத்தில் இதை ஓட்டியவன் அவளுடைய தம்பி. நெடுநெடுவென்ற உடம்பால் எல்லோருக்கும் கொக்கு. வண்டி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள இன்று அவனைத்தான் அழைத்திருந்தார்கள். கூட வந்தவள் அக்கா. கொக்கு சுவரோரம் நாற்காலியில் வலது காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தான். வயதாகி வந்த வாதம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

“மெக்கானிக் தம்பி, இதைச் செஞ்சது என் வீட்டுக்காரரு. அட்டையில அவர் பேரு வரணும்.”

மெக்கானிக் முகம் சுளிக்கவில்லை. “ஆதாரம் ஏதாச்சும் இருக்காம்மா? போன வாரம் ஒருத்தர் வந்து எங்கப்பா செஞ்சதுன்னு நின்னாரு. விசாரிச்சா, அவங்கப்பா செஞ்சது சைக்கிளு.”

ஆதாரத்துக்கு எங்கே போவது? கோப்பைகள் இரண்டும் பட்டறையைக் காலி செய்தபோது பழைய இரும்போடு போய்விட்டன. போட்டோ இருந்த டிரங்குப் பெட்டி மழையில் ஊறி, படமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அவள் டேங்க்கின் வலது பக்கத்தில் கையை வைத்துத் தடவினாள். கை நடுவில் நின்றது.

“பள்ளம் எங்க?”

“அதுவா? எவனோ எங்கயோ கொண்டுபோய்ப் போட்டு நசுக்கியிருந்தான். மூணு நாள் உள்ளேருந்து தட்டித் தட்டி எடுத்தேன். இப்ப பாத்தா தெரியுதா?” மெக்கானிக்கின் குரலில் பெருமை வழிந்தது.

“விழுந்து நசுங்கினா பெயிண்ட் உடைஞ்சிருக்கணுமே. உடைஞ்சிருந்துதா?”

டேங்க்கைத் துடைத்த துணி நின்றது. அவன் போனை எடுத்து, பழைய படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தினான். டேங்க் முழுக்கத் துரு. பள்ளத்துக்குள் மட்டும் பழைய சிவப்பு, குழந்தை வயிறு போல வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். “ஓரத்துல மடிப்புகூட இல்ல, பெயிண்டுக்கு முன்னாடியே தட்டியிருக்காங்க,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் பையிலிருந்து பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து விரித்தாள். ரவிக்கை அளவு வெட்டிய காகிதங்களோடு கிடந்ததால் தப்பித்தது அது மட்டும்தான்.

“இது என்னம்மா, ஜாக்கெட் கையா?”

“முழங்கால். அளவெடுத்து வெட்டினது நான். எழுதியிருக்கிறது அவரு.”

நீலப் பென்சிலில் ‘வலது. ரெண்டு விரல் முன்னால’ என்றிருந்தது. மெக்கானிக் காகிதத்தைப் படத்தோடு ஒத்துப் பார்த்தான். “யாரோட முழங்காலு?”

நாற்பத்தொரு வருடமாக அவள் பதில் சொல்லாத கேள்வி அது. பன்னிரண்டு வயதில் மரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்காது; அந்த முழங்கால் பதியத்தான் டேங்க்கில் பள்ளம். தெரிந்தால் பந்தயத்துக்கு விடமாட்டார்கள். டாக்டர் முன்னால் விறைப்பாக நின்றபடியே சான்றிதழ் வாங்கினான். உட்காரச் சொல்ல அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை. வண்டியைச் செய்தவரைத் தேடி வந்தால் பள்ளத்தைக் கேட்பார்கள், பள்ளத்தைக் கேட்டால் காலைக் கேட்பார்கள். அதனால் யார் கேட்டாலும் ‘எங்கயோ வாங்கினது’ என்று கொக்கு சொன்னான். அப்படிச் சொல்லச் சொன்னதே அவள்தான். ‘நம்ம பேரு எங்க ஓடிடப் போவுது’ என்று புருஷனும் சிரித்தார். ஓடித்தான் போயிற்று.

“அக்கா, வேணாம்,” என்றான் கொக்கு நாற்காலியிலிருந்து. “ஜெயிச்சதெல்லாம் ஏமாத்துன்னு பேசுவாங்க.”

“பேசட்டும். மடங்காத காலோட ஜெயிச்சது ஏமாத்துன்னா, மடங்குற காலோட தோத்தவன என்னான்னு பேசுவாங்களாம்?”

“உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ.”

“உன் மச்சான் பேரு இல்லாம இந்தக் கதவு திறக்காது. நான் குறுக்க உட்கார்ந்துக்குவேன். என்னை நகர்த்த நாலு பேரு வேணும்னு உனக்கே தெரியும்.”

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். “பேரு எழுதறேன்மா. அதுக்கு இந்தக் காகிதமே போதும்.”

“பள்ளமும் வேணும். பேரை மட்டும் எழுதினா, அவரு என்ன செஞ்சாருன்னு யாருக்குத் தெரியும்?”

“பெயிண்ட் அடிச்சு நாலு நாள்தான் ஆச்சு. யாரோட காலுன்னு தெரியாம இதுமேல நான் சுத்தியல் வைக்க மாட்டேன்.”

அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தின் மடிப்புகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே நின்றாள். நாற்காலி முனகியது. கொக்கு, வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தான். நல்ல காலை ஊன்றி, மற்றதைச் சீட்டுக்கு மேலாகச் சுழற்றி உட்கார்ந்தான். கால்மிதியை அவன் குனிந்து தேடவில்லை. இடது மிதியைவிடத் தாழ்ந்து, முன்னால் தள்ளியிருந்த அந்த மிதியில் வலது பாதம் தானாகப் போய் அமர்ந்தது.

“இது வளைஞ்சு போச்சுன்னுல்ல நினைச்சேன்,” என்றான் மெக்கானிக் மெதுவாக. “ஃபிரேமோட வெல்டிங் பண்ணியிருந்துச்சு. அதனால விட்டுட்டேன்.”

முழங்கால் மட்டும் புது டேங்க்கில் முட்டி, போக இடமில்லாமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

“இடிக்குது,” என்றான் கொக்கு. “மச்சான் இருந்தா உன்னைத் தொலைச்சிருப்பாரு.”

மெக்கானிக் டேங்க்கைக் கழற்ற ஸ்பேனர் தேடிப் போனான். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். தையல்காரி இடுப்பிலிருந்து துணியில் குறிபோடும் சாக்கட்டியை எடுத்தாள். தம்பியின் முழங்காலோடு காகிதத்தைச் சேர்த்துப் பிடித்து, பளபளத்த சிவப்பின் மேல் வெள்ளைக் கோட்டை இழுக்கத் தொடங்கினாள்.

“ஆடாத,” என்றாள்.