பதில் மட்டும் ஆங்கிலத்தில்

கார் சீட் தைக்கும் எங்கள் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை காலி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அதற்காகவே கொரிய மொழி படித்தேன். கொரியக்கார மேனேஜரிடம் தினமும் கொரியனில் பேசுவேன். அவரோ தன் ஆங்கிலத்தை என்னிடம்தான் பழகிக்கொள்வார். மறுநாள் பேசவேண்டியதைக் குளிக்கும்போதே ஒத்திகை பார்ப்பேன்.

"பாத்ரூம்ல யாருகிட்டடி பேசுற?" என்று அம்மா கதவைத் தட்டுவாள்.

"மேனேஜர்கிட்டம்மா."

"நேர்ல பேசித் தொலை, தண்ணியாவது மிச்சமாகும்."

நேற்று மேனேஜர் என் தையல் மெஷின் பக்கத்தில் நின்றே தலைமை அலுவலகத்துடன் போனில் கொரியனில் பேசினார்.

"மொழிபெயர்க்க அங்கிருந்தே ஆளை அனுப்புங்கள். இங்கே ஒருத்தி கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். அவளுக்கு ஒன்றும் புரியாது."

ஒரு சொல் விடாமல் புரிந்தது, முதல்முறையாக! சந்தோஷப்படுவதா, ஊசியால் குத்துவதா?

"எல்லாம் புரிந்தது. அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்" என்றேன் கொரியனில்.

அவர் முகம் சிவந்தது. கட்டைவிரலை உயர்த்தி, "வெரி குட்!" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தமிழில் கத்தினேன். "யோவ், கல்லுகிட்ட பேசியிருந்தாகூட இந்நேரம் கொரியன்ல பதில் சொல்லியிருக்கும்யா!"

"என்ன சொன்னாய்?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் கொரியன் அதுதான்.

"வேலையைக் கொடுங்கள், மொழிபெயர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினேன்.