கம்பளிச் சடை

டெல்ரீன் அப்பாவின் தலையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சடைக்கு அடியில் கத்தரியை நுழைத்தாள். பசை விடவில்லை. இழுத்தபோது தோலும் கூடவே எழும்பியது. நிறுத்திக்கொண்டாள்.

"மெதுவா, மிஸ் டெல்," என்றார் பின்னக். பிணங்களைக் குளிப்பாட்டி உடுத்திப் பெட்டியில் வைப்பவர் அவர்தான். "தோல் கிழிஞ்சா பவுடர் நிக்காது."

"யாரைக் கேட்டு ஒட்டுனீங்க?"

"பேண்டு ஆளுங்க பையோட வந்தாங்க. குடும்பத்துக்குத் தெரியும்னாங்க. இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே வேணும்னாங்க."

மேஜையில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை கிடந்தது. ஜூபிலி கேட்ஸ் என்ற ரெக்கே குழு. ஐந்து பேர். நடுவில் பாடகர் லெமுவேல், வானத்தைப் பார்த்தபடி. ஓரத்தில் அப்பா, இடுப்புவரை சடையும் மார்பில் பேஸ் கிட்டாருமாக, தன் விரல்களைப் பார்த்தபடி.

அந்தத் தட்டின் முதல் பாட்டை ஆரஞ்ச் தெருவுக்குப் பின்னால் ஒரு புழுங்கும் அறையில் பதிவு செய்தார்கள். லெமுவேலிடம் இரண்டு சரணங்களுக்கு மேல் வார்த்தை இல்லை. மீதி நேரத்தை அப்பாவின் பேஸ்தான் நடந்து கடந்தது. பிறகு அந்த நடை உலகமெல்லாம் போனது. அப்பா கேள்விப்பட்டே இராத ஊர்களின் பாடகர்கள் அதன்மேல் தங்கள் பாட்டுகளைப் பாடினார்கள். ஜமைக்காவில், இந்தக் கிங்ஸ்டனில் இன்றைக்கும் ஒரு மினிபஸ்ஸாவது அதை அதிரவிடாமல் பொழுது போவதில்லை.

அப்பாவின் கடைசிப் பயணம் ஜெர்மனிக்கு. அரங்க வாசலில் குழுவே ஒரு கடை போட்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சைத் தொப்பி. அதிலிருந்து தொங்கும் கம்பளிச் சடை. குடித்திருந்த ஒருவன் அதை மாட்டிக்கொண்டு அப்பாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். ஊர் திரும்பிய அன்றே அப்பா சமையலறைப் படியில் உட்கார்ந்து, சடையை வெட்டச் சொல்லி அவள் கையில் கத்தரியைக் கொடுத்தார். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஏன் என்று கேட்டாள்.

"கனமா இருக்கு," என்றார். தொப்பியைப் பற்றி அவர் சொன்னதே சில வருடங்கள் கழித்துத்தான். குழுவோடு பிறகு போகவே இல்லை.

கத்தரி எதிலோ தட்டியது. சடையின் உட்புறத்தில் ஒரு துணிப்பட்டை தைத்திருந்தது. குழுவின் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: குளிர்ந்த நீரில் துவைக்கவும்.

சடை முழுவதையும் தோலோரமாக வெட்டியெடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலுக்கு வெளியே ஜீப் நின்றது. லெமுவேல் இறங்கவில்லை. நரைத்த சடையைத் துணியால் உயரமாகச் சுற்றியிருந்தார்.

"வெயில்ல நிக்காத, மகளே. உள்ள எல்லாம் ரெடியா?"

"வந்து பாருங்க, அங்கிள் லெம்."

"தெரியாத மாதிரி பேசாத. ரஸ்தா மதத்துக்காரன் பிணம் இருக்கிற எடத்துல கால் வைக்கமாட்டான். எங்கப்பன் சாவுக்கே நான் போகல."

"அப்ப சர்ச்சுக்கு?"

"வாசல்ல நின்னு ஒரு பாட்டு. வெளிநாட்டுக் கேமராக்காரங்க வந்திருக்காங்க. உள்ள அவங்க உங்கப்பன் எக்பர்ட்ட எடுப்பாங்க, வெளிய என்னை."

அவள் பையை நீட்டினாள். "உங்களோடது."

எட்டிப் பார்த்தவர் இருக்கையின் மறுகோடிக்கு ஒதுங்கினார். "அவன் பிணத்து மேல இருந்ததா? எடு! எங்கிட்ட கொண்டுவராத அத!"

"பாஸ், நம்ம கடைச் சரக்குதானே," என்று ஓட்டுநர் சிரித்தான்.

"வாய மூடுடா." லெமுவேல் மூச்சு வாங்கினார். "மகளே, புரிஞ்சுக்க. மொட்டத் தலையோட கிடந்தா அது எக்பர்ட்டுன்னு யாருக்குத் தெரியும்? உலகத்துக்குத் தெரிஞ்சது அந்தச் சடைதான். அவனுக்காகத்தான் சொல்றேன்."

ஒரு மினிபஸ் கடந்துபோனது. அதே பேஸ், அந்த இசைமேல் எவனோ ஒருத்தன் யாருடைய இடுப்பைப் பற்றியோ கத்திக்கொண்டிருந்தான். லெமுவேலின் தலை தானாக ஆடத் தொடங்கியது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பையை ஜீப்பின் முன்பக்க மூடிமேல், கண்ணாடிக்கு நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"தேங்காயெண்ணெய் இருக்கா?"

பின்னக் புட்டியைக் கொடுத்தார். அவள் உள்ளங்கையில் ஊற்றி, வழுக்கையில் திட்டுத்திட்டாக நின்ற பசையைத் தேய்த்தாள். அது அழுக்காக உருண்டு வந்தது. கீழே பழுப்புத் தோல், நெற்றியோரம் ஒரு தழும்பு, காதின்மேல் கொஞ்சம் நரை.

"வயசான ஆளாத் தெரியறாரு," என்றார் பின்னக்.

"ஆமா."

வெளியே ஜீப்பின் எஞ்சின் உறுமி, நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். ஓட்டுநர் இறங்கி, நீளமான குச்சியொன்றால் பையைத் தள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தபடி லெமுவேல் இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று கையசைத்தார்.

அவள் கட்டைவிரலில் ஒரு கம்பளி இழை ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்தாள். அது சுட்டுவிரலுக்கு வந்தது.