முதலாளி வாங்கி வந்த லைட்

ஆடி முடிந்த வாக்கில் ஒரு மத்தியானம், முதலாளி மகள் பிரத்யுஷா அம்மணியின் கடல்நீர் மீன் தொட்டிக்கு மேலிருந்த லைட் புகைந்து நின்றுபோனது. கருகிய வாடை பட்டறை வரைக்கும் வந்தது.

கோயமுத்தூர் கணபதியில் நரசிம்மலு முதலாளிக்கு முன்னால் லேத் பட்டறை, பின்னால் வீடு. பம்பு செட்டுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. எனக்கு அங்கே சுமை வேலை. இரும்பு இறக்குவேன், துருவல் அள்ளுவேன். அம்மணி ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகு அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பதும் என் தலையில் விழுந்தது. உப்பு கலந்த கேனைப் படியேற்றி வைக்கும்போதெல்லாம் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும். கோயமுத்தூருக்குக் கடல் வராமல் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தொட்டியில் மீன் கொஞ்சம்தான், பவளம்தான் நிறைய. விரல் விரலாக ஆடுவது ஒன்று, புல் மாதிரி படர்ந்தது ஒன்று, காளான் மாதிரி கல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்று. பார்த்தால் செடி. உயிருள்ள பிராணி என்று அம்மணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கிற காலத்திலேயே துண்டு துண்டாக வாங்கி ஒட்டி வளர்த்தது. சாயங்காலம் வெள்ளை வெளிச்சம் தணிந்து நீலம் மட்டும் எரிகிற நேரத்தில்தான் அவற்றின் நிறம் எழும்பும். பச்சையும் ஆரஞ்சும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். கேனை இறக்கி வைத்துவிட்டு நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

அம்மணி இங்கே இருந்த காலத்தில் அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவைக் கூப்பிடும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. கேட்டுக் கேட்டு எனக்கும் புரியும். "நைனா, வந்து பாருங்க, பச்சை எப்படி எரியுதுன்னு" என்று கூப்பிடும். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்ப்பார்.

"ஒண்ணுமே இல்லையே கண்ணு. இருட்டுத் தொட்டிக்கு இத்தனை கரண்டா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். முதலில் அம்மணியும் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை. அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்றைக்கு லைட் எரிய வேண்டிய நேரம், உப்பு அளவு எல்லாவற்றையும் அதன் அம்மா பங்காரம்மாவிடமும் என்னிடமும்தான் சொன்னது. முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தொட்டியின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஆகவே லைட் புகைந்த அன்றைக்கு, அம்மணிக்குப் போன் செய்து எது வாங்குவது என்று கேட்கலாம் என்று பங்காரம்மா சொன்னபோது, முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். பொங்கலுக்கு மகள் வருகிறாள், வரும்போது தொட்டி அவள் விட்டுப்போனதைவிட நன்றாக இருக்க வேண்டும், லைட்டை அவரே பார்த்து வாங்கப்போகிறார், அதுவரைக்கும் யாரும் மூச்சுவிடக் கூடாது என்றார். ஒரு ஆசையோடுதான் சொன்னார். பட்டறையில் புது லேத் இறக்கிய அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்ததில்லை.

உக்கடத்தில் தாரிக்கின் வளர்ப்பு மீன் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மணி எல்லாம் வாங்கியது அங்கேதான். தாரிக் ஒரு தொட்டியின் மேல் மூன்று லைட்டுகளை மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினார். முதல் லைட் முழுக்க நீலம். இரண்டாவது நீலமும் வெள்ளையும் கலந்தது. மூன்றாவது பளீரென்று வெள்ளை. நீலத்தைப் போட்டதும் அந்தத் தொட்டியே வேறு உலகமாகிவிட்டது. முதலாளி கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது எரியுதா?" என்று கேட்டார்.

எரிகிறது என்றார் தாரிக். முதலாளி நம்பாமல் என்னைப் பார்த்தார். நல்ல நீலமாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

"நீ தண்ணி சுமக்கறவன். உனக்குத் தண்ணின்னாலே நீலமாத்தான் தெரியும்" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தாரிக் மட்டும் விடவில்லை. "சார், இது நம்ம கண்ணுக்கு வாங்கற லைட்டு இல்லீங்க. அதுங்களுக்கு வாங்கறது. நீலம்தான் அதுங்களுக்குச் சோறு" என்றார். முதலாளி வெள்ளையைத்தான் எடுத்தார். நாற்பது வருஷம் இரும்பைக் கண்ணால் பார்த்தே தரம் சொன்னவனுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். பழைய லைட்டைவிட இது ரொம்பக் கடுமை, கால்வாசியில் ஆரம்பித்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று மட்டும் தாரிக் சொல்லி அனுப்பினார்.

கால்வாசியில்தான் ஆரம்பித்தார். மறுநாள் சாயங்காலமே தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், கரி பிடித்த அரிக்கேன் விளக்கு மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டு வெளிச்சம் கூட்டுகிற திருகை முழுசுக்கும் ஏற்றிவிட்டார். அதோடு நிற்கவில்லை. காலையில் பல் துலக்கப் போகும்போது போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பார். பங்காரம்மா சத்தம் போட்டால், "இப்பத்தான் எனக்கே தெரியுது, இத்தனை நாளா எங்கிருந்தது இதெல்லாம்" என்பார். அதைக் கேட்ட பிறகு அந்தம்மாளுக்கும் பேச மனசு வரவில்லை.

பவளங்கள் வெளுக்கத் தொடங்கின. விரல் விரலாக ஆடியது முதலில் வெளிர் மஞ்சளாயிற்று, பிறகு நுனியிலிருந்து வெள்ளை இறங்கியது. சாயம் போன மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னேன்.

"சாயம் போகல காளிச்சாமி, பூத்திருக்குது" என்றார்.

ஆயுத பூஜைக்குள் தொட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பொரி, சுண்டல் வாங்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்களை எல்லாம் முதலாளி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மல்லிகைப் பந்தல் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ஊட்டியில் உறைபனி விழுந்த மாதிரி என்றார் இன்னொருவர். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. சாவுக்கு அப்படி ஒரு நிறம் இருக்கும் என்று அங்கே நின்ற யாருக்குத் தெரியும்?

தீபாவளி கழிந்து முதலாளி அளந்து கடைந்த சாமான்கள் சரியில்லை என்று ஒரு வாடிக்கைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி கைக்கு அப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை. பங்காரம்மா அன்றைக்கே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கண்புரை முற்றிப் போயிருந்தது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகுமாம். இவருக்கு டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கே வந்துவிட்டதாம். பல வருஷமாகவே நீலம் உள்ளே நுழைந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள்.

கட்டுப் பிரித்து வந்தவர் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏப்பா, கதவு நீலமா?"

ஆமாம் என்றேன். சாம்பல் நிறம் அடித்து ஏமாற்றிவிட்டான் என்று அந்தப் பெயிண்டரோடு போன வருஷம் அவர் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அதை நினைத்து இருவரும் வெகு நேரம் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

உப்பு தீர்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் தாரிக்கின் கடைக்குப் போனோம். நான் உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினால் முதலாளி நீல லைட் போட்ட தொட்டி முன்னால் நிற்கிறார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். எடுத்தார். இடது கண்ணை மூடினார். எடுத்தார். மறுபடியும் வலது. மூட்டை என் தோளை அழுத்தியது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

"தாரிக், இது எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"எப்பவும் இப்படித்தானுங்க சார்."

"எங்க ஊட்டுத் தொட்டியும்?"

"நம்ம பாப்பா தொட்டி இதைவிட நல்லா இருக்குமுங்களே."

முதலாளி வீட்டுக்கு வந்து நேரே தொட்டி முன்னால் நின்றார். அதற்குள் அந்த வெள்ளையின் மேலும் அங்கங்கே பழுப்புப் பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. மறுநாள் தாரிக் வந்து பார்த்தார். பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும், நிறமும் சோறும் கொடுப்பது அதுதான், வெளிச்சம் தாங்காவிட்டால் அது வெளியேறிவிடும் என்றார். வெளுத்த புதிதில் லைட்டைக் குறைத்திருந்தால் திரும்பியிருக்கும் என்று வாய் வரைக்கும் வந்ததை, முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கல்லுக்கு அடியில், வெளிச்சம் படாத ஓரத்தில், காளான் மாதிரி மூன்று மட்டும் உயிரோடு இருந்தன.

நீல லைட் வாங்கி மாட்டினார்கள். மார்கழி முழுக்க முதலாளி அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அம்மணி வந்தது. பெட்டியை இறக்கியது நான்தான். செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குத்தான் போனது. போனில் யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சாயங்கால நேரம். நீலம் எரிந்தது. கல்லின் மேல் சுண்ணாம்புக் குச்சிகள் போல வெறுங்கூடுகள் நின்றன. அம்மணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனது. எது எது எங்கே இருந்தது என்று அதற்குத்தான் தெரியும். முதலாளி பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். லைட் வாங்கியது, திருகை ஏற்றியது, ஊரைக் கூட்டிக் காட்டியது, கண் ஆபரேஷன். எதையும் மறைக்கவில்லை. கடைசியில் தெலுங்கில் சொன்னதை என்னால் அப்படியே தமிழில் சொல்ல முடியும்.

"நீ கூப்பிட்டப்பவெல்லாம் வந்து பாத்தேன் கண்ணு. நெசமாவே எனக்குத் தெரியல."

அம்மணி திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பேசியது.

"தெரியலைன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன் நைனா. ஒண்ணுமே இல்லைன்னுதானே சொன்னீங்க."

முதலாளி தலையை ஆட்டினார். கல்லின் ஓரத்தைக் காட்டி, அங்கே பச்சையாக மூன்று இருக்கின்றன என்று சொல்லப் போனார் போலிருக்கிறது. கை பாதி எழுந்து இறங்கிவிட்டது. அம்மணி அவற்றை ஏற்கனவே பார்த்திருந்தது. நான் காலி கேன்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து அம்மணி கிளம்பியது. போகும்போது லைட் நேரத்தையும் உப்பு அளவையும் மறுபடியும் அம்மாவிடமும் என்னிடமும் சொன்னது. முதலாளி போன தடவை மாதிரியே பக்கத்தில் நின்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போகும்போதுதான் அவரைப் பார்த்து, "இன்னொரு கண்ணையும் சீக்கிரம் பண்ணிக்கோங்க" என்றது.

அவர் இன்னும் பண்ணிக்கொள்ளவில்லை. பங்காரம்மா தினமும் சொல்கிறார், இவர் அடுத்த மாதம் என்கிறார். சாயங்காலம் நான் தண்ணீர் கேனோடு படியேறும்போது நாற்காலி தொட்டி முன்னால் இருக்கும். அவர் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பழைய கண்ணால் அந்த மூன்றையும் தேடிக்கொண்டிருப்பார். அவர் கையை எடுக்கிற வரைக்கும் நான் படியிலேயே நிற்பேன்.