பாலத்துக்கு அந்தப் பக்கம் 1864

சில்கெ ஏழாம் வகுப்பில் இருந்தபோது, எல்லாரிடமும் நூற்றுப் பத்துக் கேள்விகள் கேட்டு, யாருக்கு எப்படிப் படித்தால் மண்டையில் ஏறும் என்று பள்ளியில் கண்டுபிடித்தார்கள். ஒருத்திக்கு சோபாவில் படுத்தால் ஏறும். ஒருவனுக்கு கேரட் கடித்தால் ஏறும். சில்கெவுக்கு நடந்தால்தான் ஏறும் என்று வந்தது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. வேறெப்படியும் தோன்றவும் இல்லை. நடந்தாள்.

பதினோரு ஜோடி காலணி தேய்ந்தது. டென்மார்க்கின் வரலாறு முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. மதச் சீர்திருத்தம் ரொட்டிக்கடை வாசலில். ஜெர்மானியரிடம் தோற்ற 1864 போர், துறைமுகத் தூக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போனால் பீரங்கிகளை எண்ணிச் சொல்வாள். இந்தப் பக்கம் நின்றால் அப்படியொரு போர் நடந்ததே தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு வாய்மொழித் தேர்வு வந்தது. தேறுவதற்கான கடைசி மதிப்பெண் 02; அதையாவது வாங்கினால்தான் மேல்நிலைப் பள்ளி. இல்லையென்றால் இன்னொரு வருடம் நடை. பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். 1864.

“உட்காரும்மா,” என்றார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பியர்தெ அம்மாள்.

“உட்கார்ந்தா வராதுங்க.”

“அவ நடந்து படிக்கிறவ,” என்றார் ஆசிரியர் தோர்கில், பெருமையாக. “கோட்டு மாட்டிக்குங்க.”

“மழை பெய்யுதே?”

“ஜூன் மாசம்னா பெய்யத்தான் செய்யும்.”

மூவரும் நடந்தார்கள். ரொட்டிக்கடையைத் தாண்டும்போது சில்கெ மதச் சீர்திருத்தத்தை ஒப்பித்தாள்.

“அதைக் கேக்கலியே?”

“தெரியுங்க. வழியில வந்திருச்சு.”

பாலத்தருகே மணி அடித்தது. பாலம் தூக்கிக்கொண்டது. ஒரேயொரு பாய்மரப் படகு ஆடி அசைந்து வந்தது. தேர்வுக்கான இருபது நிமிடத்தில் பதினெட்டு போயிற்று. சில்கெவின் தலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பயம்கூட இல்லை.

“அந்தப் போர்ல ஜெயிச்சது யாரு கண்ணு? அதையாவது சொல்லு,” என்றார் பியர்தெ.

படகில் ஜெர்மன் கொடி. நாலு பேர் பியர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள்.

“அவங்க,” என்று கை நீட்டினாள் சில்கெ. “நாம இன்னும் இந்தப் பக்கம்தான் நிக்கிறோம்.”

பியர்தெ கோட்டுக்குள்ளிருந்து மதிப்பெண் தாளை எடுத்தார். 02 போட்டார்.

வீட்டில் அம்மா கேக்கில் குட்டிக் கொடிகள் குத்தி வைத்திருந்தாள். “பாஸாமேடி! சந்தோஷமா இருக்கா?”

சில்கெ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. அது எந்தத் தெருவில் இருக்கிறதென்று மூன்று வருடத்தில் யாரும் சொல்லவில்லை. எழுந்து பன்னிரண்டாவது ஜோடி காலணியை மாட்டிக்கொண்டாள்.