பின்பக்கம் மட்டும் பச்சை

ரிங்லெட் வளைவுல என் வெள்ளை டாக்சியைப் பின்னால வந்து இடிச்சது எஸ்டேட் லோரி. "நம்ம பட்டறையிலேயே சும்மா செஞ்சு தரோம்லா, இருளப்பன்"னாரு எஸ்டேட் கணக்கு எழுதுற கிராணி. நம்பி விட்டேன்.

நசுங்கின பின்பக்கத்தைத் தட்டி எடுத்து, லோரிக்கு அடிக்கிற அதே பச்சையை அடிச்சு வச்சிருக்கானுங்க! வேற பெயிண்ட் இல்லையாம். அந்தப் பச்சை லோரியில தேயிலைக் கொழுந்துச் சாக்கு ஏத்தியே முதுகு ஒடிஞ்சவன் நான். அந்த வேலையே வேணாம்னுதானே டாக்சி வாங்கினேன்!

கொதிச்சுக்கிட்டே வண்டியை எடுத்தேன். தேயிலைக்காட்டு ஓரத்துல சாக்குகளோட நின்ன புதுக் கங்காணி, தாண்டிப் போன வண்டியோட பின்பக்கப் பச்சையைப் பார்த்துட்டு எஸ்டேட் வண்டின்னு நினைச்சு கத்தி நிறுத்தினான்.

"டேய், சீக்கிரம் ஏத்துடா!"

அவனை அறையத்தான் இறங்கினேன். இந்தப் பாழாப்போன கை, சாக்கைத் தூக்கி வண்டிக்குள்ள வச்சிடுச்சு.