பூஜையில் வைத்த வளையம்

"சாமி படத்தையெல்லாம் எடுத்துடுங்க அண்ணி. வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு" என்றாள் ஆதிலட்சுமி.

செல்வாம்பாள் எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கணவனின் உடல் வந்துகொண்டிருந்தது; கூடத்தில் கிடத்த இடம் வேண்டும். நேற்றைய ஆயுத பூஜை வைத்தது வைத்தபடி இருந்தது. நமுத்துப்போன பொரி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், நடுவில் அந்தப் பித்தளை வளையம். புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு இன்னும் குறையவில்லை. மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

நாத்தனார் ஆதிலட்சுமி படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். செல்வாம்பாள் வளையத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். கனத்தது.

தீயணைப்பு வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார்கள். நிலையத்தில் இருந்த ஒரே வண்டி அது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று முன்பக்கம் துவண்டு தொங்கியது. ஓட்டிவந்த குத்புதீன் இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் உடலுக்குக் கை கொடுக்கப் போனார். "பொம்பியே போயிட்டாரே!" என்று எதிர்வீட்டுப் பெண் அலறினாள். பொம்பியே என்றால் பிரெஞ்சில் தீயணைப்புக்காரர்; பிரெஞ்சுக்காரர் போய் நாலு வருஷமாகியும் தெருவில் அவள் கணவன் தணிகாசலத்துக்கு அந்தப் பெயர்தான்.

அந்த வண்டியும் அவர்கள் விட்டுப்போனதுதான். தண்ணீரை அடிக்கும் குழாய்கள் மட்டும் நைந்துபோய், சென்னையிலிருந்து புதிதாக வந்தன. வண்டியின் வாயில் அவை உட்காரவில்லை. திருகு மறை வேறு அளவு. தணிகாசலம் மூன்று முறை எழுதிப் போட்டார். பதில் இல்லை. கடைசியில், மில்லில் கடைசல் வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்து, ஒரு பக்கம் பழைய மறையும் மறுபக்கம் புது மறையும் வெட்டி இந்த வளையத்தைச் செய்துகொண்டார். நிலையத்தில் வைத்தால் இது ஏது, யார் கொடுத்தது என்று கேள்வி வரும். அதனால் சோற்றுப் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"இவதான் என் ரெண்டாம் தாரம். ஊருக்கே தண்ணி இவ வழியாத்தான் போவணும், தெரிஞ்சுக்க" என்பார்.

"அப்ப அவளையே சோறாக்கச் சொல்லுங்க" என்பாள் இவள்.

நேற்றுக் காலை, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து அவர் தூங்கிக்கொண்டிருக்கையில், அந்த இரண்டாம் தாரத்தைப் பையிலிருந்து எடுத்துத் தேய்த்துப் பொட்டிட்டுப் பூஜையில் வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் படைக்கும்போது பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

மத்தியானம் வைத்திக்குப்பத்தில் குடிசை பற்றிக்கொண்டது. குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்தவன் தெருவில் நின்றே கத்தினான். அவர் சட்டையை மாட்டி, ஆணியில் தொங்கிய பையை இழுத்துக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்விட்டார். பையில் தூக்குவாளி இருந்தது. கனத்தில் வித்தியாசம் தெரிந்திருக்காது. வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோதுதான் வளையம் கண்ணில் பட்டது. கையை நீட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தேவையென்றால் ஆள் அனுப்புவார் என்று மாவை வழிக்கப் போனாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி மாலையோடு வந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"தைரியமான மனுஷன்மா. தண்ணி இல்லாத எடத்துல மாட்டிக்கிட்டாரு. அப்படித்தான் மேல எழுதியிருக்கேன்."

"அங்க கெணறு இருக்குதுங்க" என்றாள் செல்வாம்பாள். "வளையம்தான் இல்ல. அது எங்கிட்ட இருந்துச்சு. நான்தான் பையிலேர்ந்து எடுத்துட்டேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது.

"எந்த வளையம்?"

மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அதிகாரி அதைத் தொடவில்லை. குத்புதீனைப் பார்த்தார்; குத்புதீன் தரையைப் பார்த்தார்.

"இப்படி ஒரு சாமான் நம்ம லிஸ்ட்லயே கெடையாதும்மா. புதுக் குழாய் எல்லாம் வண்டிக்குச் சரியா இருக்குன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"போடச் சொன்னாங்க, போட்டாரு" என்றார் குத்புதீன்.

அதிகாரி அது காதில் விழாதது போல ஆதிலட்சுமியிடம் திரும்பினார். "மனசு கொழம்பியிருக்காங்க. பாத்துக்குங்க."

"நான்தாங்க எடுத்தேன்" என்று செல்வாம்பாள் மறுபடியும் சொன்னாள். அதற்குள் குடத்துத் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் அவளை எழுப்பி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குத்புதீன் மட்டும் சுடுகாட்டிலிருந்து வண்டியோடு திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க தம்பி."

"இருக்கட்டும் அண்ணி."

"தண்ணி அடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"பக்கத்துக் கூரையைப் பிரிச்சுப் போட்டா நெருப்பு தாண்டாதுன்னு ஏறுனாரு. உத்திரம் முறிஞ்சுடுச்சு."

"நான் அதைக் கேக்கல."

குத்புதீன் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணும்னா ஆள் அனுப்புவாருன்னு நெனச்சேன் தம்பி."

"ஆளுக்கு எங்க போறது அண்ணி? பதினோரு பேரு இருந்த எடத்துல அஞ்சு பேரு. அதுல மூணு பேரு பூஜைக்கு ஊருக்குப் போயிட்டாங்க. அண்ணனும் நானுந்தான். நான் எஞ்சினை விட்டு எறங்க முடியாது. அண்ணன் பையைத் தலைகீழாக் கொட்டிப் பாத்தாரு."

"என்னைத் திட்டினாரா?"

"இல்ல. சிரிச்சாரு. 'இன்னிக்கு அவளுக்கும் பூஜைடா குத்பு, எம் பொண்டாட்டி வேலை'ன்னாரு. அப்புறம் கொக்கிக் கழியை எடுத்துக்கிட்டு ஓடுனாரு."

செல்வாம்பாள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை.

குத்புதீன் போகாமல் நின்றார். தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் காலையில எனக்கு டியூட்டி. எங்கயாச்சும் ஒண்ணுன்னா..."

அவள் உள்ளே போய் வளையத்தை எடுத்துவந்தாள். ஈரத்துணியால் துடைத்ததும் மேலே இருந்த சந்தனம் போய்விட்டது. குங்குமம் மறைக்குள் இறங்கியிருந்தது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்து, சுற்றுச் சுற்றாக அதை எடுக்கத் தொடங்கினாள். வாசலில் குத்புதீன் வண்டியிலிருந்து வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.