கிரேன்காரர் தண்ணீர் குடிப்பதில்லை

என் அக்கா புருஷன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். நான் கீழே நின்று சரக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று சொல்கிறவன். எவன் பேச்சையும் காதில் வாங்காத மனுஷன் என் பேச்சைக் கேட்பது அந்த ஒரு வேலையில் மட்டும்தான்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஏறினால் மதியம்தான் இறங்குவார்கள். ஒன்றுக்குப் போவதற்காக அத்தனை ஏணியையும் இறங்கி ஏற எவனால் முடியும்? அதனால் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள். மாமா அதில் மன்னன். “என் மூத்திரம் என் பேச்சக் கேக்கும் மாப்ள” என்று பீற்றிக்கொள்வார். அதில் ரத்தம் வந்தபோது அக்காவிடம்கூட மூச்சுவிடாமல் மாதக்கணக்கில் மறைத்ததும் இதே புண்ணியவான்தான்.

புற்றுநோய் என்றார்கள். சுரண்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மறுபடி வந்தது. கடைசியில் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டுத் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டி அனுப்பினார்கள். சிறுநீர் தானாக அதில் சேரும். நிறைந்ததும் அடியில் திறந்து கொட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். யாராவது மூக்கைச் சொறிந்தால் போதும், “வாடை வருதா?” என்பார். ஒருமுறை பஸ்ஸில் பை பிரிந்து பேண்ட் நனைந்துவிட்டது. அதோடு தெருவில் இறங்குவதையும் விட்டார்.

“உசுரோட இருந்தா போதும்னு வேண்டிக்கிட்டேன்டா. இப்ப உசுரு மட்டும்தான் இருக்கு” என்றாள் அக்கா.

அவர் கேட்டதெல்லாம் அந்தக் கேபினை மட்டும்தான். “மேல ஏறிட்டா என் பக்கத்துல மூக்கோட யாரும் இருக்க மாட்டாங்க மாப்ள. அதோட, எனக்கு இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக்!” ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. டாக்டர் அரைமனதாகத் தலையாட்ட, இன்ஜினியரும் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்.

சிக்கல் சேஃப்டி பெல்ட்டில் வந்தது. அதன் வார் சரியாகப் பையின் மேலேயே உட்கார்ந்தது. பை நிறைந்தால் வார் அழுத்தும், ஒட்டு விட்டுவிடும். மாமா கண்டுபிடித்த வைத்தியம் பழைய வைத்தியம்தான். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிறையக் குடிக்காவிட்டால் கிட்னிக்கு ஆபத்து என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். அக்கா கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே வீடு திரும்பியது.

“குடிங்க மாமா” என்று கத்தினேன்.

“ஒரே ஒரு தடவ மேல வச்சு நனைஞ்சேன்னா, அப்புறம் என்னை ஏற விடுவானுங்களா? போய் உன் வேலையப் பாரு.”

அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். வீடு ரெண்டுபட்டது. அவர் மசியவில்லை.

ஒருநாள் கம்பிக் கட்டு ஒன்று அந்தரத்தில் இருந்தது. இறக்கு என்றேன். இறங்கவில்லை. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

“மாமா?”

“குளுருது மாப்ள.”

உச்சி வெயில். “மெதுவா... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். கட்டு அலுங்காமல் தரையைத் தொட்டது. அதன்பிறகு பதிலே இல்லை.

நாங்கள் ஏறிப் பார்த்தபோது இருக்கையில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பையின் அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். கயிறு கட்டித்தான் இறக்கினோம்.

கிட்னியில் சீழ் என்றார்கள். அதற்காக எடுத்த ஸ்கேனில் கல்லீரலிலும் முதுகெலும்பிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது. இனி வலிக்குத்தான் மருந்து என்று டாக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் உள்ளே வந்ததும் மாமா டாக்டரிடம், “எப்ப சார் ஏறலாம்?” என்றார்.

“அதெல்லாம் அப்புறம். இப்ப நல்லா தண்ணி குடிங்க” என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மாமா முட்டாள் இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறார். நேற்று நான் போனபோது அக்கா டம்ளரை நீட்டினாள். மறுபேச்சில்லாமல் குடித்தார். இன்னொன்று ஊற்றினாள், அதையும் குடித்தார்.

“பாத்தியாடா, இப்பத்தான் சொன்ன பேச்சக் கேக்குறாரு” என்று என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

“ஊத்தும்மா, எவ்வளவு வேணும்னாலும் ஊத்து” என்றார் அவர். “இனிமே எங்க ஏறப்போறேன்?”